அபயம் அளிக்கும் கை

ஓர் உயிரிடம் அன்பு கொள்வது எளிது; அவ்வுயிரின் நம்பிக்கையைப் பெறுவது எளிதன்று. அன்பு, கொடுப்பவரின் உள்ளத்தில் பிறக்கிறது. நம்பிக்கையோ பெறுபவரின் உள்ளத்தில் முளைக்க வேண்டியது. அதனை விலை கொடுத்து வாங்க முடியாது. கட்டளையிட்டு வரவழைக்கவும் முடியாது. விதையை ஊன்றி, நீர் வார்த்து, வேலியிட்டுக் காத்திருக்கும் உழவனைப் போல, நம்பிக்கையை நாடுபவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

மனிதரிடையே இவ்வுண்மையை உணர்வது சற்றுக் கடினம். பேச்சும் முகமனும் பல குறைகளை மூடிவிடுகின்றன. பறவைகளிடம் அத்தகைய திரை எதுவும் இல்லை. வீட்டிற்குப் புதிதாகக் கொண்டுவரப்பட்ட சில வாத்துக் குஞ்சுகள், தம்மை வளர்ப்பவர் பொறுமையுள்ளவரா, அவசரக்காரரா என்பதை ஓரிரு நாட்களிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அந்த வகையில் அவை நல்ல ஆசிரியர்கள்.

ஹம்ஸத்தின் உறவு

இங்கே பேசப்படுவது குளங்களில் கூட்டமாக மேயும் சிறிய வாத்து அன்று. நீண்ட கழுத்தும் கனத்த உடலும் கொண்டு, புல் மேய்ந்து வாழும் பெரிய இனம்; பண்ணைகளில் ‘கூஸ் வாத்து’ என்று சொல்லப்படுவது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் இதனை ராஜஹம்ஸம் என்று பொருள்படும் பெயராலேயே மக்கள் அழைக்கின்றனர். வடமொழியின் ‘ஹம்ஸ’, ஜெர்மன் மொழியின் ‘கான்ஸ்’, ஆங்கிலத்தின் ‘கூஸ்’ ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் என்பது மொழியியலார் கண்ட முடிவு. பாலையும் நீரையும் பிரித்தறியும் விவேகத்தின் சின்னமாக நம் முன்னோர் போற்றிய ஹம்ஸம், இமயத்தைக் கடந்து பறந்து வரும் பட்டைத்தலை வாத்தே என்று கருதும் அறிஞர்களும் உளர். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்திற்கும், திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்திற்கும் குளிர்காலத்தில் வரும் விருந்தினர் அவை. அவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. வீட்டில் வளர்க்கத் தக்கவை அல்ல.

வீடுகளில் வளர்பவை, மனிதனோடு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து பழகிய இனங்கள். ஐரோப்பிய வகைகளின் மூதாதை சாம்பல் நிறக் காட்டு வாத்து. கொண்டைபோல் மூக்கு புடைத்த சீன வகையின் மூதாதை ஆசியாவின் வேறொரு காட்டினம். நன்கு பேணினால் இவை இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. ஆகவே, கையளவுக் குஞ்சு ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவருபவர், ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கான கடமையை ஏற்கிறார் என்பதை முதலிலேயே உணர்வது நல்லது.

முதல் நாளின் முத்திரை

வாத்துக் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு நாளுக்குள் நடக்கிறது, நீந்துகிறது, தானே இரை தேடுகிறது. ஆனால் யாரைப் பின்தொடர்வது என்பதை அது அறிந்து பிறப்பதில்லை. முதலில் கண்ட, அசைகின்ற, குரல் கொடுக்கின்ற உயிரைத் தாயாக ஏற்றுக் கொள்கிறது. ஜெர்மானியப் பறவையியலார் ஆஸ்கர் ஹைன்ரோத் 1911-இல் இதனை விவரித்தார். ஆஸ்திரிய நாட்டின் கான்ராட் லோரென்ஸ் 1935-இல் விரிவாக ஆராய்ந்து, ‘முத்திரை பதிதல்’ என்று பொருள்படும் பெயரால் இதனை உலகறியச் செய்தார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

லோரென்ஸின் முன்னிலையில் முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு குஞ்சுக்கு அவர் மார்ட்டினா என்று பெயரிட்டார். அதனை வளர்ப்புத் தாயாகிய ஒரு வாத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவது அவருடைய எண்ணம். குஞ்சு அதற்கு இசையவில்லை. அழுதுகொண்டே அவர் பின்னால் ஓடி வந்தது. இரவில் அவ்வப்போது விழித்து, ‘இங்கே இருக்கிறேன், நீ எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்பதுபோல் மெல்லக் குரல் எழுப்பும். அவர் பதில் குரல் கொடுத்தால்தான் அமைதியடையும். ஓர் அறிவியலாளர், தாம் நாடாத தாய்மையை ஏற்று, நாட்கணக்கில் அக்குரலுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முத்திரை பதிதல் இயற்கையின் கொடை. அதில் வளர்ப்பவரின் தகுதிக்கு இடமில்லை. எதிரே நின்றவர் எவராயினும் குஞ்சு பின்தொடர்ந்திருக்கும். ஆனால் பெரும்பாலோர் பெறும் குஞ்சுகள் அந்த முதல் நாளைக் கடந்தவை. ஒரு வாரமோ மூன்று வாரமோ ஆனவை; பண்ணையிலோ சந்தையிலோ கூடையில் அடைபட்டு, குலுங்கும் வண்டியில் பயணம் செய்து, அறியாத கைகளால் தூக்கப்பட்டு வந்தவை. அவற்றின் நெஞ்சில் ஏற்கெனவே அச்சம் குடிகொண்டுள்ளது. அங்கே இயற்கையின் கொடை கிட்டாது. உழைத்துப் பெறும் நம்பிக்கை ஒன்றே வழி.

முதலில் உடலின் தேவை

குளிரில் நடுங்கும் உயிருக்கு இனிய சொல் பயன்படாது. ஆகவே நம்பிக்கையின் முதற்படி, உடலின் தேவைகளைக் குறைவின்றி நிறைவேற்றுவதே.

வெப்பம்: பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி அளவில் குறைத்துக் கொண்டே வரலாம். அட்டைப் பெட்டியின் ஒரு மூலையில் குண்டு பல்பு ஒன்றைப் பாதுகாப்பாகத் தொங்கவிட்டு, மறுமூலையைக் குளுமையாக விட்டால், தமக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சுகளே தேர்ந்து கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கிடந்தால் குளிர் என்று பொருள். விளக்கை விட்டு விலகி வாய் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் மிகுதி என்று பொருள். சமவெளிக் கோடையில் பகலில் விளக்கே வேண்டியிராது. நிழலும் காற்றோட்டமுமே வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைக் கவனிப்பதே சிறந்த அளவுகோல்.

தரை: வழவழப்பான செய்தித்தாளின்மேல் விட்டால் இளங்கால்கள் இருபுறமும் சறுக்கி விலகி ஊனமடையக் கூடும். சாக்கோ, சொரசொரப்பான துணியோ விரிப்பது நல்லது. ஈரமான விரிப்பை உடனுக்குடன் மாற்ற வேண்டும்.

நீர்: இவை அலகை முழுவதும் நீரில் அமிழ்த்தி நாசித் துளைகளையும் கண்களையும் கழுவிக்கொள்ளும் இயல்புடையவை. அதற்கேற்ற ஆழம் வேண்டும். ஆனால் உள்ளே விழுந்தால் ஏற முடியாத வாளி கூடாது. அகன்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைப்பது எளிய வழி. நீர்ப்பறவை ஆயிற்றே என்று முதல் வாரத்திலேயே தொட்டியில் நீந்த விடுவோர் உண்டு. தாயில்லாக் குஞ்சின் மென்தூவி எளிதில் நனைந்து, உடல் குளிர்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். சில வாரங்கள் கழிந்தபின், வெயில் நேரத்தில், அருகிலிருந்து கவனித்தபடி சிறிது நேரம் நீந்தவிட்டு, பின் நன்கு உலர்த்துவதே முறை.

உணவு: கோழிக்குஞ்சுகளைவிட இவற்றிற்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கூடுதலாகத் தேவை. அது குறைந்தால் கால்மூட்டு வீங்கி, கால்கள் வளைந்து, நடக்க இயலாமற் போகும். கோழிக்குஞ்சுத் தீவனமே கிடைக்குமிடத்தில், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி ஈஸ்ட் முதலியவற்றால் இக்குறையை ஈடு செய்யலாம். இளம் அறுகம்புல்லைப் பொடியாக நறுக்கித் தரலாம். அதனுடன் செரிமானத்திற்குச் சிறிது பொடிக்கல்லும் வேண்டும். ரொட்டித் துண்டுகள் வயிற்றை நிரப்புமேயன்றி வளர்ச்சி தாரா.

பூஞ்சை பிடித்த தீவனத்தை ஒருபோதும் தரக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், பூஞ்சை படர்ந்த கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்டது. வாத்துக் குஞ்சுகள் இந்நஞ்சினால் மிக எளிதில் பாதிக்கப்படுபவை. ‘வீணாக்க வேண்டாமே’ என்ற சிக்கன எண்ணத்தில், மக்கிய புண்ணாக்கை வாயில்லாப் பிராணிக்கு இடுவது சிக்கனமன்று. அது கொடுமையாக முடியும். தமக்கு உதவாததை மற்றோர் உயிருக்குக் கொடுப்பது தானமாகாது.

காவல்: கீரி, பூனை, நாய், பெருச்சாளி, காகம், பருந்து ஆகிய அனைத்திற்கும் குஞ்சு இரையே. இரவில் உறுதியான கம்பிவலைக் கூண்டு இன்றியமையாதது. தரையில் கிடக்கும் ஆணி, கம்பித்துண்டு, நூல் முதலியவற்றைக் குஞ்சுகள் விழுங்கிவிடும். அவற்றைப் பெருக்கி எடுப்பதும் காவலில் அடங்கும்.

அச்சத்தின் வேர்

இவ்வளவும் செய்த பின்னரும், கை நீட்டியதும் குஞ்சுகள் மூலைக்கு ஓடுகின்றன. ‘உணவு தருகிறேன், நீர் வைக்கிறேன், இன்னும் அஞ்சுகின்றனவே’ என்று வளர்ப்பவர் மனம் சலிக்கிறது. சாதனையில் பலருக்கும் தளர்ச்சி வரும் இடம் இதுவே. செய்த கடமைக்கு உடனடி ஊதியமாக நம்பிக்கையை எதிர்பார்ப்பதுதான் அங்கே பிழை.

குஞ்சின் நிலையிலிருந்து காண வேண்டும். பறவைக் குஞ்சின் பகைவர்களுள் பலர் மேலிருந்து வருபவர். உயரத்திலிருந்து இறங்கும் கை, அன்புக் கையாயினும், அதற்குப் பருந்தின் நிழலே. நின்றுகொண்டு குனிபவரின் உருவம் அதற்கு ஒரு மலை சரிவது போன்றது. ஆகவே வளர்ப்பவர் முதலில் தரையில் அமர வேண்டும். தாழ்ந்து அமர்வது பணிவின் அடையாளம் மட்டுமன்று. அஞ்சியிருக்கும் உயிருக்கு அளிக்கும் முதல் அபயமும் அதுவே.

அமர்ந்தபின் எதுவும் செய்யாதிருப்பது அடுத்த பாடம். முதல் சில நாட்கள், நாளொன்றுக்கு இருமுறையோ மும்முறையோ, கால்மணி நேரம் அருகில் அமைதியாக இருந்தால் போதும். குஞ்சுகளையே உற்றுப் பார்த்துக் கொண்டிராமல், மெல்லிய குரலில் ஏதேனும் பேசிக் கொண்டிருக்கலாம். உணவிடும்போது எப்போதும் ஒரே அழைப்புச் சொல்லைப் பயன்படுத்துவது நலம். பின்னர் நறுக்கிய கீரையைத் தட்டில் வைத்துத் தட்டைத் தமக்கு அருகே நகர்த்தலாம். அதன்பின், உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துத் தரையில் வைத்து, அதில் கீரையை இடலாம். துணிவுள்ள ஒரு குஞ்சு முதலில் வரும், கொத்திக்கொண்டு ஓடிவிடும். ஓடுவதைத் தடுக்கக் கூடாது. ‘வேண்டும்போது வரலாம், வேண்டும்போது போகலாம்’ என்னும் உரிமை உறுதியானால்தான் மறுமுறை அச்சமின்றி வரும். பிடிப்பதற்காக நீட்டப்படும் உணவு தூண்டில். போகவிட்டு நீட்டப்படும் உணவே அன்பு.

தடவிக் கொடுப்பதிலும் முறை உண்டு. தலைமேல் கை வைக்காமல், மார்புப் பக்கமாகக் கீழிருந்து தொட வேண்டும். தூக்க நேரும்போது கழுத்தையோ சிறகையோ பற்றாமல், இரு கைகளாலும் உடலைத் தாங்கி, மார்போடு அணைத்துக் கொள்ள வேண்டும். குஞ்சுகளைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கும் கற்பிப்பது அவசியம்.

ஒழுங்கு என்னும் அடைக்கலம்

மார்ட்டினாவைப் பற்றி லோரென்ஸ் தம் 1963-ஆம் ஆண்டு நூலொன்றில் மேலும் ஒரு செய்தி தருகிறார். ஒரு வாரக் குஞ்சாக இருந்தபோது, முதன்முதலாக அது அவர் பின்னே வீட்டுக்குள் நடந்து வந்தது. புதிய கூடத்தைக் கண்டு மிரண்டு, வெளிச்சம் தெரிந்த சன்னலை நோக்கி ஓடிற்று. சற்று அமைதியடைந்தபின் அவரிடம் திரும்பி, படிகளில் ஏறிற்று. அன்று முதல் ஒவ்வொரு மாலையும் முதலில் சன்னல், பிறகு படி என்பதே அதன் வழக்கமாயிற்று. மாதங்கள் செல்லச் செல்ல அந்தச் சுற்றுவழி குறுகிற்றே தவிர, முற்றிலும் மறையவில்லை.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஒரு நாள் மாலை, அவர் அதனை உள்ளே விட மறந்து, இருட்டும் வேளையில் கதவைத் திறந்தார். அவசரமாக நுழைந்த மார்ட்டினா நேரே படியேறத் தொடங்கிற்று. ஐந்தாம் படியில் திடீரென நின்றது; கழுத்தை நீட்டி, அச்சத்தால் எச்சரிக்கைக் குரல் எழுப்பிற்று. உடனே கீழிறங்கிச் சன்னல் பக்கம் சென்று, தன் வழக்கமான சுற்றை முழுமையாக முடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதே ஐந்தாம் படியில் மீண்டும் நின்று சுற்றிலும் பார்த்தது. பின்னர் உடலைச் சிலிர்த்து, அமைதியுற்றது.

அச்சம் நிறைந்த உலகில், மாறாத ஒழுங்கே அச்சிற்றுயிரின் அடைக்கலம். நேற்று நிகழ்ந்தது இன்றும் நிகழ்கிறது. இன்று தீங்கில்லை என்பதை அது அவ்வாறே அறிகிறது. ஆகவே உணவு, நீர், மேய்ச்சல், கூண்டடைப்பு ஆகியவை நாள்தோறும் அதே நேரத்தில், அதே முறையில், கூடுமானவரை அதே கைகளால் நடைபெற வேண்டும். ஒரு நாள் மூன்று மணி நேரம் கொஞ்சிவிட்டு மறுநாள் மறந்துவிடுபவரைவிட, நாள்தோறும் தவறாமல் கால்மணி நேரம் அமர்பவரையே குஞ்சு நம்புகிறது. நித்திய அனுஷ்டானத்தின் பெருமையை இதைவிட எளிமையாக யார் விளக்க இயலும்?

ஒரு கணத்தில் உடைவது

பத்து நாள் பொறுமையால் பெற்றதைப் பத்து வினாடியில் இழக்கலாம். வீட்டுச் சிறுவன் விளையாட்டாகத் துரத்துகிறான். உறவினர் ஒருவர் படம் எடுப்பதற்காகக் குஞ்சைத் திடீரெனப் பிடித்துத் தூக்குகிறார். அவர்களுக்கு அது வேடிக்கை. குஞ்சுக்கோ அது உயிர் போகும் நேரம். அடுத்த நாள் உள்ளங்கையில் கீரையுடன் அமர்ந்தால் ஒன்றும் அருகில் வராது. சிறுவனைக் கடிந்து விரட்டுவதைவிட, அவனையும் தரையில் அமரவைத்து, காத்திருக்கக் கற்பிப்பதே சிறந்த பரிகாரம். குஞ்சு தானே அவன் மடியில் ஏறி அமரும் நாளில், துரத்திப் பிடிப்பதில் இல்லாத ஆனந்தம் எதுவென்று அவனே உணர்வான்.

சில வேளைகளில் நன்மைக்காகவே பிடிக்க வேண்டியிருக்கும். மருந்து தர வேண்டும், காயத்தைக் கழுவ வேண்டும். அப்போது ஓடவிட்டுத் துரத்தாமல், கூண்டின் சிறிய இடத்தில், மங்கிய ஒளியில், அமைதியாக எடுத்து, விரைந்து முடித்து, உடனே கூட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். பின்பு சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருந்து, விருப்பமான கீரையை அளித்து, பழைய அமைதியை மீட்க வேண்டும். கண்டிப்பு தேவைப்படும் இடத்திலும் அதன் முடிவு அரவணைப்பாகவே அமைய வேண்டும் என்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பொருந்தும் நெறி.

பற்றா, பரிவா?

நம்பிக்கை வந்தபின் ஒரு நுட்பமான சோதனை காத்திருக்கிறது. தம் பின்னாலேயே ஓடிவரும் குஞ்சைக் காண்பது மனத்திற்கு மிக இனிது. ‘என்னையன்றி அதற்கு வேறு யாருமில்லை’ என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்குகிறது. அவ்வெண்ணத்தை வளர்த்துக் கொள்வதற்காகவே ஒற்றைக் குஞ்சை வளர்ப்போரும் உண்டு. ஆனால் இது கூட்டமாக வாழப் பிறந்த உயிர். வளர்ப்பவர் அலுவலுக்குச் சென்ற எட்டு மணி நேரமும், துணையற்ற குஞ்சு ஓயாது குரல் கொடுத்து ஏங்கும். ஆகவே குறைந்தது இரண்டு, கூடுமானால் மூன்று குஞ்சுகளையாவது சேர்த்தே வளர்க்க வேண்டும். அவை தமக்குள் பழகி, மனிதரை நாடுவது சற்றுக் குறையலாம். அக்குறைவை மகிழ்ச்சியுடன் ஏற்பதே பரிவு. ஏற்க மறுப்பது பற்று.

வளர்ந்த வாத்து பருவம் வந்ததும் சீறவும் செய்யும். தன் இடத்தையும் துணையையும் காக்க முற்படும். அது நன்றிகெட்ட தன்மையன்று, அதன் ஸ்வதர்மம். அடித்து அடக்காமலும் அஞ்சி ஓடாமலும், நிதானமாக நின்று வழிவிடக் கற்றால் உறவு கெடாது.

கனடாவைச் சேர்ந்த பில் லிஷ்மன் என்னும் சிற்பி, தம் குரலையும் தம் சிறு விமானத்தின் ஒலியையும் பழக்கப்படுத்தி வாத்துக் குஞ்சுகளை வளர்த்தார். 1993-இல், அவர் ஜோசப் டஃப் என்பவருடன் சிறு விமானங்களில் முன்னே பறந்து, 18 வாத்துகளைக் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வரை அழைத்துச் சென்றார். குளிர்காலத்தை அங்கே கழித்த வாத்துகளுள் பல, மறு வசந்தத்தில் எவரும் வழிகாட்டாமலே பறந்து திரும்பின. குஞ்சுகள் அவர்மேல் வைத்த நம்பிக்கையை, அவற்றைத் தம்மோடு கட்டி வைக்க அவர் பயன்படுத்தவில்லை. அவற்றின் வானத்தை அவற்றிற்கே காட்டித் தரப் பயன்படுத்தினார்.

வீட்டு வாத்து கண்டம் தாண்டிப் பறக்கப் போவதில்லை. எனினும் அதற்கும் ஒரு வானம் உண்டு: மேய ஒரு புல்வெளி, நீந்த ஒரு நீர்நிலை, அழைத்தால் பதில் தரும் தன் இனத்துத் துணை. அவற்றைத் தந்துவிட்டு விலகி அமர்ந்திருப்பவரை நாடி, மாலையில் கூட்டம் தானாகவே கூண்டிற்குத் திரும்பி வரும். விரட்டியும் வராதது அழைக்காமலே வருகிறது. அபயம் அளிக்கும் கை, பற்றிக்கொள்ளும் கையன்று; விரிந்த கை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. முத்திரை பதிதலால் வரும் பிணைப்பிற்கும், பொறுமையால் பெறும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. மார்ட்டினா ஐந்தாம் படியிலிருந்து திரும்பிச் சென்றது, அன்றாட ஒழுங்கைப் பற்றி என்ன கற்பிக்கிறது?

3. இல்லத்திலோ பணியிடத்திலோ, நல்ல நோக்குடன் நீட்டப்பட்டும் ‘மேலிருந்து இறங்கும் கை’யாகத் தோன்றி அச்சம் தந்த செயல் ஏதேனும் உண்டா? அதனைத் ‘தரையில் விரித்த கை’யாக மாற்றுவது எவ்வாறு?